மணி அடிக்கிறது! ஆள் எங்கே?

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் வேலைக்கு வந்த எந்திரங்கள்

வகுப்பு நடந்துகொண்டு இருக்கிறது. பேராசிரியர் பாடம் சொல்லிக்கொண்டு இருக்கிறார். திடீரென்று கதவு திறக்கிறது. பள்ளிக்கூடத்து வேலையாள் உள்ளே வருகிறார். அறையில் சூடு போதுமா என்று பார்க்கிறார். பேசாமல் வெளியே போய்விடுகிறார்.

பிறகு அவர் படி இறங்கி, நிலவறைக்குப் போவார். அங்கேதான் கணப்பு உலை இருக்கிறது. அறை குளிர்ந்து இருந்தால் சூட்டைக் கூட்டுவார். வெந்துகொண்டு இருந்தால் குறைப்பார். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் கதவு திறக்கும்!

இது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது. அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர் வாரன் ஜான்சன். இந்தத் தொல்லைக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

1883-ம் ஆண்டில் ஒரு மின்சாரக் கருவிக்கு அவர் காப்புரிமை வாங்கினார். அறையின் சூடு மாறியதும், நிலவறையில் மணி அடிக்கும். உலையைக் கவனிப்பவர் அதைக் கேட்டு, சூட்டைச் சரி செய்வார். அறை அறையாக ஏறி இறங்க வேண்டியது இல்லை. 1885-ல் ஜான்சன் மில்வாக்கி நகரில் ஒரு கம்பெனியே தொடங்கிவிட்டார்.

இன்று நாம் காணும் 'ஏர்-கண்டிஷன்' எந்திரம், அறை குளிர்ந்ததும் தானாக அடங்குகிறது அல்லவா? அதற்குள் இருக்கும் கருவி, ஜான்சன் செய்த கருவிக்குப் பேரன் முறை!

அது நடந்து 140 ஆண்டுகள் ஓடிவிட்டன. அமெரிக்கப் பள்ளிகளில் இப்போது எத்தனையோ எந்திரங்கள் மணி அடிக்கின்றன. கேட்பதற்குத்தான் ஆள் போதவில்லை.

ஒருவருக்கு எவ்வளவு வேலை?

அமெரிக்காவில் சுமார் 1 லட்சம் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 5 கோடி பிள்ளைகள் படிக்கிறார்கள். பெருக்குவது, கழிவறை கழுவுவது, குப்பை அள்ளுவது எல்லாம் சம்பளத்துக்கு வரும் ஊழியர்களின் வேலை. (ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைத் துடைக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வழக்கம் இல்லை.)

ஒரு ஊழியர் 8 மணி நேரத்தில் எவ்வளவு இடத்தைச் சுத்தம் செய்யலாம்? இதற்கு அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 2003-ம் ஆண்டில் கல்வி இலாகா வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகத்தில் அது வந்தது. சாதாரணமாகப் பள்ளிக்கூடம் சுத்தமாக இருக்க வேண்டுமானால், ஒருவருக்கு 28 ஆயிரம் முதல் 31 ஆயிரம் சதுர அடி வரை கொடுக்கலாம். நம் கணக்கில் ஏறக்குறைய 65 முதல் 70 சென்டு நிலம். இதற்கே முதுகு ஒடிந்துவிடும்!

பக்கத்தில் வேலை பார்த்தவர் நின்றுவிட்டால்? அவருடைய பங்கும் இவர் தலையில் விழும். ஒருவருக்கு 45 ஆயிரம் சதுர அடியைத் தாண்டினால் பள்ளிக்கூடம் சுத்தமாக இராது என்று அதே கணக்கு சொல்லுகிறது.

2020-ல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. மறுபடி திறந்தபோது, ஊழியர்கள் பலர் திரும்பவில்லை. சரக்குக் கிடங்குகளில் கூலி அதிகம் கிடைத்தது. குழாய், மின்சாரம், கொதிகலன் வேலை தெரிந்தவர்களைத் தனியார் கம்பெனிகள் இழுத்துக்கொண்டன. வயதானவர்கள் ஓய்வு பெற்றார்கள்.

தானே ஓடும் எந்திரம்

இந்த நிலையில்தான் சில பள்ளிகளுக்குத் தரை கழுவும் எந்திரம் வந்தது. பார்ப்பதற்கு ஒரு சின்ன வண்டி. உள்ளே தண்ணீர்த் தொட்டி. அடியில் சுழலும் பிரஷ். பின்னால் ஈரத்தை உறிஞ்சும் குழாய்.

முதல் நாள், ஊழியர் அதை ஓட்டி வழி காட்டுகிறார். எந்திரம் அந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளுகிறது. மறுநாள் முதல் தானே ஓடுகிறது! பிள்ளைகள் விட்டுப்போன புத்தகப் பை குறுக்கே கிடந்தால், கண்டுபிடித்து நின்றுவிடும். அல்லது விலகிப் போகும்.

நீண்ட நடைபாதை, சாப்பாட்டுக் கூடம், விளையாட்டு அரங்கு... இவற்றில் அது சமர்த்து. ஆனால் படி ஏறாது. கழிவறையைக் கழுவாது. பெஞ்சுக்கு அடியில் ஒட்டிய மிட்டாயைச் சுரண்டாது. அதற்குத் தண்ணீர் ஊற்றவும், அழுக்குத் தண்ணீரைக் கொட்டவும் ஒரு ஆள் வேண்டும். எந்திரம் தரையைக் கழுவும் நேரத்தில், அந்த ஆள் கழிவறையைக் கவனிக்கலாம். லாபம் அவ்வளவுதான். அதுவும் சின்ன லாபம் அல்ல.

என் கண்ணுக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, சத்தம் இல்லாமல் வேலை பார்க்கும் சின்னக் கருவிகள்தான். இரவு 2 மணிக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. அப்போது தண்ணீர் மீட்டர் சுற்றலாமா? சுற்றினால் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று பொருள். உடனே ஊழியரின் டெலிபோனுக்குச் செய்தி போகிறது. திங்கட்கிழமை காலையில் வகுப்பறை குளமாக நிற்காது.

பழுதுபார்ப்பவர் ஒருவரே 4, 5 பள்ளிகளைக் கவனிக்க வேண்டி இருக்கலாம். எந்த அறையில் எவ்வளவு சூடு என்று அவர் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கிறார். மின்விசிறி ஓடவில்லை என்றால், ஆசிரியர் படம் பிடித்து அனுப்புகிறார். முன்பெல்லாம் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அது காணாமல் போய்விடும்!

பற்கள் அடித்த மணி

எல்லாம் சரி. ஆனால் பால்டிமோர் நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

2018 ஜனவரி. கடுங்குளிர். அந்த நகரில் சுமார் 60 பள்ளிகளில் கணப்பு சரியாக வேலை செய்யவில்லை. மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகள்! கொதிகலன்கள் பழையவை. குழாய்கள் வெடித்தன. பிள்ளைகள் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்து இருந்தார்கள். கடைசியில் நகரம் முழுவதும் பள்ளிகளை மூடினார்கள்.

குளிருகிறது என்று சொல்ல அங்கே கருவி தேவைப்படவில்லை. பிள்ளைகளின் பற்களே சொல்லிவிட்டன! இல்லாமல் போனவை நல்ல கொதிகலனும், பழுது பார்க்கப் பணமும்தான்.

பால்டிமோர் மட்டும் அல்ல. 2020 ஜூனில் அமெரிக்க அரசாங்கத் தணிக்கை அலுவலகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. கணப்பும் காற்றோட்டமும் தரும் சாதனங்களைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டிய பள்ளிகள் சுமார் 36 ஆயிரம் என்று அது சொன்னது. பள்ளிக் கட்டடச் செலவில் பெரும் பகுதி உள்ளூர் வரிப்பணம். வீட்டு விலை குறைந்த ஊரில் வரியும் குறைவு. அங்கே கொதிகலனுக்கு வயது கூடிக்கொண்டே போகும்.

கொரோனாவுக்குப் பிறகு, 2021 மார்ச்சில், மத்திய அரசாங்கம் பள்ளிகளுக்கு 12 ஆயிரத்து 200 கோடி டாலர் ஒதுக்கியது. பல ஊர்கள் அதில் காற்றோட்ட சாதனங்கள் வாங்கின. இந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்ய 2024 செப்டம்பர் 30-ந் தேதி வரைதான் கெடு. அந்தக் கெடு முடிந்துவிட்டது. இனி எந்திரத்துக்கு பாட்டரி, பிரஷ், பழுதுச் செலவு எல்லாம் ஊரின் சொந்தப் பணத்தில் நடக்க வேண்டும். அந்த எந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரின் சம்பளமும் அதே பையில் இருந்துதான் வர வேண்டும்.