கிணற்றுக்கும் கணக்கு உண்டு

2012ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமமொன்றில் பொதுக் கிணறு ஒன்றைத் திருத்தினோம். மீளக்குடியேறிய இருபது குடும்பங்களுக்கு அதுவே குடிநீர்க் கிணறு. இடிந்திருந்த கட்டைச் சீமெந்தினால் கட்டினோம். உக்கிப்போயிருந்த துலாவை அகற்றி மோட்டர் பொருத்தினோம். நீர்த்தாங்கியும் நான்கு குழாய்களும் அமைத்தோம். நாடா வெட்டித் திறப்பு விழா நடந்தது. உதவி வழங்கிய நிறுவனத்துக்கு நிழற்படங்களுடன் அறிக்கை அனுப்பினேன். வேலை முடிந்துவிட்டது என்றே எண்ணினேன்.

மூன்றாம் வருடக் கோடையில் தண்ணீர் சவர்க்கத் தொடங்கியது. அடுத்த மாதம் மோட்டரும் எரிந்தது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கையிருப்பைப் பார்த்தோம். திருத்தக் காசு இல்லை. தண்ணீருக்காக மக்கள் குடங்களுடன் நெடுந்தூரம் நடந்தார்கள். அப்போது ஒரு மூதாட்டி என்னைப் பார்த்துச் சொன்னார்: “சுவாமி, முந்தித் துலா எண்டாலும் இருந்தது. இப்ப மோட்டரும் இல்லை, துலாவும் இல்லை.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. திட்டத்தை எழுதியவன் நான். கட்டுவதற்கான செலவை சதம் பிசகாமல் எழுதியிருந்தேன். கட்டிய பின் வரும் செலவுக்கு அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்தத் தவறிலிருந்து கற்ற இரண்டு கணக்குகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது: தண்ணீர்க் கணக்கு

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தின் கீழ்ச் சேர்கிறது. அந்தக் கல்லினுள் கடல்நீரும் புகுந்திருக்கிறது. நன்னீர் கடல்நீரிலும் பாரம் குறைந்தது. எனவே அது உவர்நீரின் மேல் மிதக்கிறது.

எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கும்? ஏறக்குறைய நாற்பது அடி கடல்நீரின் பாரமும் நாற்பத்தொரு அடி நன்னீரின் பாரமும் சமம். ஆகவே நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும் சில வருடங்களின் பின் ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்த விதி இது. கெய்பன், ஹேர்ஸ்பேர்க் என்ற அவர்களின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இதை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். ஓயாமல் இறைத்து நீர்மட்டம் ஆறு அங்குலம் தாழ்ந்து அப்படியே நின்றுவிட்டால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் இருபது அடி வரை மேலெழும்பும். மேலே அரை அடி நட்டம். கீழே இருபது அடி நட்டம். கிணற்றில் தண்ணீர் நிறைய இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். வாயில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

துலாவினால் இப்படி நட்டம் வராதா? வருவது கடினம். துலாவில் இறைப்பவருக்குக் கை உழைந்துவிடும். அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் கிணறும் ஊறிவிடும். மனிதனின் களைப்பே தண்ணீருக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை. நாம் துலாவை மட்டும் அகற்றவில்லை, அந்தக் காவலையும் சேர்த்தே அகற்றினோம்.

ஆகவே அந்தக் காவலை இப்போது நாமே ஏற்படுத்த வேண்டும். காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் என்று நேரத்தை வகுத்து, சிறிய மோட்டரால் மெதுவாக இறைக்கலாம். அடி அடியாக முடிச்சிட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கி, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைக் கொப்பியில் எழுதலாம். சென்ற வருடம் இதே மாதத்தில் இருந்ததிலும் மட்டம் தாழ்ந்திருந்தால், கிணறு நமக்கு எச்சரிக்கை தருகிறது என்று பொருள்.

செலவைக் குறைப்பது போல வரவையும் கூட்டலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர் கிடைக்கும். ஐம்பது சதுர மீற்றர் கூரையில் நூறு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஐயாயிரம் லீற்றர்! அதில் பெரும்பகுதியைத் தாங்கியில் பிடிக்கலாம். எஞ்சியதைக் குழிவெட்டி நிலத்துக்குள் இறக்கலாம். நம் முன்னோர் ஊருக்கு ஊர் குளம் வெட்டியதன் பயனும் இதுவே. குளம் தூர்ந்தால் கிணற்றின் வரவு குறையும்.

இரண்டாவது: காசுக் கணக்கு

கணக்காளர்கள் ‘பெறுமானத் தேய்வு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். பெரிய சொல்லாக இருந்தாலும் விடயம் எளியது. பொருத்திய நாளிலிருந்தே மோட்டர் தேய்கிறது. அது ஐந்து வருடம் உழைக்கும் என்றால், வருடந்தோறும் ஐந்தில் ஒரு பங்கை நாம் செலவழித்து முடிக்கிறோம். யாரும் பற்றுச்சீட்டு அனுப்பாததால் அந்தச் செலவு நமக்குத் தெரிவதில்லை. ஐந்தாம் வருடம் முழுத் தொகையும் ஒரே நாளில் வந்து நிற்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மோட்டரின் விலை 60,000 ரூபா, ஆயுள் ஐந்து வருடம், குடும்பங்கள் இருபது என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாவை அறுபது மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1,000 ரூபா. ஒரு குடும்பத்துக்கு 50 ரூபா.

ஆனால் ஐந்து வருடத்தின் பின் அதே விலைக்கு மோட்டர் கிடைக்குமா? வருடம் நூற்றுக்கு ஏழு வீதம் விலை ஏறினால் அப்போது சுமார் 84,000 ரூபா தேவைப்படும். அப்படியானால் குடும்பத்துக்கு 70 ரூபா சேர்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் நம் நாட்டில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியதை நாம் மறக்கவில்லை. எனவே வருடத்துக்கு ஒருமுறை கடையில் மோட்டரின் விலையை விசாரித்து, சந்தாவைத் திருத்திக்கொள்ள வேண்டும். சேர்த்த காசு பெட்டிக்குள் இராமல் வங்கியில் இருந்தால் வட்டியும் ஓரளவு கைகொடுக்கும். மின்கட்டணமும் சிறு திருத்தச் செலவும் இதற்குப் புறம்பானவை. அவற்றுக்கென வேறாகச் சேர்க்க வேண்டும்.

“இலவசமாக வந்த மோட்டருக்கு ஏன் காசு?” என்று சிலர் கேட்பார்கள். முதல் மோட்டர்தான் இலவசம். இரண்டாவது இலவசம் அல்ல. துலாக்கயிறு அறுந்தபோது ஊராரே வேறு கயிறு கட்டினார்கள். மோட்டரின் சுருள் எரிந்தால் கையில் காசு வேண்டும். சந்தா கொடுக்க இயலாத குடும்பத்தைச் சங்கம் தாங்கலாம். அதுவும் கூட்டத்தில் பேசித் தீர்மானித்து, கொப்பியில் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்டால் சலுகை சண்டையாக மாறும்.

அந்தக் கிராமத்தில் இப்போது

பல மாதப் பேச்சின் பின் சங்கம் ஒரு சிறிய மோட்டரை வாங்கியது. இறைக்கும் நேரம் நீர்த்தாங்கியில் பெயின்றால் எழுதப்பட்டிருக்கிறது. பொருளாளராக இருக்கும் பெண்ணிடம் இரண்டு கொப்பிகள் உண்டு. ஒன்றில் நீர்மட்டம், மற்றதில் சந்தா. இரண்டையும் மாதக் கூட்டத்தில் உரத்து வாசிக்கிறார். நல்ல மாரிகள் வந்துபோன பின் சவர் குறைந்திருக்கிறது, முற்றாக மாறவில்லை. கிணற்றருகே ஒரு துலாவையும் மீண்டும் நாட்டியிருக்கிறார்கள். மின்சாரம் நின்றாலும் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று அந்த மூதாட்டிதான் பிடிவாதமாகக் கேட்டார்.

உங்கள் ஊரிலும் கிணறோ நீர்த்தாங்கியோ பொது மண்டபமோ கட்டப்படவிருந்தால், அத்திவாரக் கல் வைப்பதற்கு முன் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எத்தனை வருடம் உழைக்கும்? பழுதானால் யார் திருத்துவார்? அதற்கான காசு இன்றிலிருந்து எங்கே சேரப்போகிறது? இவற்றுக்கு விடை கிடைத்த பின் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கலாம்.