மண்ணுக்கடியில் ஒரு தளபதியின் பதக்கம்

தென் இங்கிலாந்தில் டார்செட், வில்ட்ஷர் மாவட்டங்கள் சந்திக்கும் இடத்தில் கிரான்போர்ன் சேஸ் என்ற சுண்ணாம்பு மேட்டுநிலம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் அங்கே தோண்டி மூடிய குழிகளின் அடியில் சின்னஞ்சிறு உலோகப் பதக்கங்கள் கிடக்கும். ‘திறந்தவர்: ஏ. பிட் ரிவர்ஸ், எஃப்.ஆர்.எஸ்.’ என்று அவற்றில் எழுதியிருக்கும். ஆண்டைப் பொறிக்கத் தனியே இடம் விட்டிருக்கும். அகழாய்வு முடிந்து மண்ணைத் தள்ளுவதற்கு முன் அவற்றை அடியில் வைக்கச் செய்தவர் லெப்டினன்ட் ஜெனரல் அகஸ்டஸ் பிட் ரிவர்ஸ்.

தன் பெயரில் பதக்கம் அடித்து, அதை யார் கண்ணுக்கும் படாமல் புதைத்துவிட்டுப் போன இன்னொரு தளபதியை எனக்குத் தெரியாது. அது பின்னால் வரப்போகும் ஆய்வாளருக்கு அவர் விட்டுச்சென்ற தகவல். இதுவரை நான் தோண்டியிருக்கிறேன், இதற்கு மேல் இருப்பது கலைந்த மண், இதை நம்பிக் காலத்தைக் கணித்துவிடாதீர்கள் என்று பொருள். அவருக்கு முன்பே ரிச்சர்ட் கோல்ட் ஹோர், வில்லியம் கன்னிங்டன் என்ற பழம்பொருள் ஆய்வாளர்கள் இருவரும் தாங்கள் திறந்த புதைமேடுகளுக்குள் இப்படி அடையாளம் போட்டு வைத்ததுண்டு. ஆனால் அவர்கள் காலத்தில் ஒரே நாளில் ஒரு மேட்டைப் பிளந்து, கிடைத்த தங்கத்தையும் தாழியையும் எடுத்துக்கொண்டு போவதும் சகஜம். பிட் ரிவர்ஸ் கையில்தான் அந்த அடையாளம் ஓர் ஒழுங்கான ஆய்வுமுறையின் அங்கமானது.

1827-இல் யார்க்‌ஷரில் பிறந்த அவருக்கு அப்போது பெயர் அகஸ்டஸ் லேன் ஃபாக்ஸ். கிரெனடியர் காவல் படையில் சேர்ந்தார். கிரிமியப் போரில், 1854-இல், ஆல்மா சண்டையில் கலந்துகொண்டார். படையில் அவருடைய முக்கியமான வேலை துப்பாக்கிப் பயிற்சி. பழைய மஸ்கட்டிலிருந்து ரைஃபிளுக்கு ராணுவம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு துப்பாக்கியும் முந்தையதில் ஒரு சிறு மாற்றம் செய்து பிறப்பதைக் கவனித்தவர், மனிதன் செய்த எல்லாப் பொருளுக்கும் இப்படியொரு வம்சாவளி இருக்க வேண்டும் என்று நினைத்தார். துப்பாக்கிகளில் தொடங்கிய சேகரிப்பு வில், கேடயம், பூமராங், பானை, பூட்டு என்று வளர்ந்தது. 1884-இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மானுடவியல் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மானுடவியலாளர் எட்வர்ட் டைலர் அந்தப் பதவிக்கு வந்தார்.

1880-இல் உறவினர் வழியாக ரிவர்ஸ் குடும்பத்தின் பல்லாயிரம் ஏக்கர் நிலம் அவருக்கு வந்தது. கூடவே பெயரும் பிட் ரிவர்ஸ் என்று மாறியது. நிலமெங்கும் பழங்காலக் குடியிருப்புகளும் புதைமேடுகளும் இருந்தன. அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! உதவியாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி அளக்கவும் வரையவும் பழக்கினார். வீட்டிலும் வேலையிடத்திலும் கடுமையான மனிதர் என்று பெயரெடுத்தவர். ஆனால் அந்தக் கடுமை குழிக்குள் இறங்கும்போது பெரும் நன்மையாக மாறியது. உடைந்த ஓட்டுத்துண்டு, ஆணி, மாட்டெலும்பு எல்லாவற்றையும் கிடைத்த ஆழத்தோடு பதியச் சொன்னார். இன்று அற்பமாகத் தெரிவது நாளை ஒருவருக்கு முக்கியமாகலாம் என்பது அவர் கட்சி.

வோர் பேரோ என்ற நீள்வடிவப் புதைமேட்டை 1893, 94-ஆம் ஆண்டுகளில் தோண்டினார். வேலை முடிந்தபின் அதைச் சுற்றிய பள்ளத்தை மூடவில்லை. மழையிலும் பனியிலும் கரைகள் சரிந்து பள்ளம் எவ்வளவு தூர்கிறது என்று சில ஆண்டுகள் கழித்து வெட்டிப் பார்த்தார். ஒரு பழைய பள்ளத்தின் அடியில் கிடக்கும் ஓடு எப்போது விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமானால், மண் எப்படிச் சேர்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? கிரான்போர்ன் சேஸ் அகழாய்வுகளைப் பற்றி 1887-க்கும் 1898-க்கும் இடையில் நான்கு பெரிய தொகுதிகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1882-இல் வந்த தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிரிட்டனின் முதல் ஆய்வாளரும் அவர்தான். 1900-இல் காலமானார்.

அதன்பின் அவரைப் பெரும்பாலோர் மறந்தனர். விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் இன்னொரு ராணுவ அதிகாரி, பிரிகேடியர் மார்ட்டிமர் வீலர். பிட் ரிவர்ஸைத் தன் ஆசானாகவே அவர் பேசினார். இரண்டாம் உலகப்போரில் பீரங்கிப்படையோடு இருந்தவரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக அழைத்தார்கள். 1944-இல் வந்து சேர்ந்த வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் ஆம்போரா சாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார். மத்தியதரைக்கடல் பக்கத்தில் ஒயின் ஏற்றிச்சென்ற சாடி அது. கிடைத்த இடம் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு.

1945 கோடையில் அங்கே தோண்டினார். குழிச்சுவரில் மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிட்டு, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புக் கலங்களின் துண்டுகள் எந்த அடுக்கில் கிடக்கின்றன என்று பார்த்தார். அந்தக் கலங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானை ஓடுகளுக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது ஒரு பிடிமானம். அறிக்கை மறு ஆண்டே, 1946-இல், ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வெளிவந்தது. தோண்டியவர் ஓய்வு பெற்ற பிறகும் அறிக்கை வராத இடங்களை நினைத்தால் இந்த வேகத்தின் அருமை புரியும்.

வீலர் சொன்னதெல்லாம் நிலைக்கவும் இல்லை. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு அரிக்கமேட்டில் மறுபடி தோண்டியது. ரோமானிய வணிகம் வருவதற்கு வெகு முன்பே அங்கே ஊர் இருந்தது, வீலர் கருதியதுபோல் அந்நியர் வந்து அமைத்த துறைமுகமாக அதைப் பார்க்கத் தேவையில்லை என்று பெக்லி வாதிட்டார். எந்தக் குழி எங்கே, எந்த ஓடு எந்த அடுக்கில் என்று வீலர் எழுதி வைத்திருந்ததால்தான் அவருடைய முடிவையே அவர் குறிப்புகளை வைத்து மறுபடி சோதிக்க முடிந்தது.