கண் மங்கினால் மனமும் சோரும்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் கண்ணை நம்பிப் பிழைப்பவர்கள் அதிகம். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்துக் கீறலையும் தழும்பையும் பார்த்துத் தரம் பிரிப்பவர்கள், ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்தே ஊசியால் தைத்துக் கொடுக்கும் பெண்கள், ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன் நாள் முழுக்கக் குனிந்திருப்பவர்கள். நாற்பதைத் தாண்டினால் ஊசிக்காது தெரியாமல் போகிறது. ஐம்பது, அறுபதில் கண்புரை, கண் அழுத்த நோய், சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு என்று ஒவ்வொன்றாக வரலாம்.

தையல் தப்பும், வேலை குறையும், பிறகு நிற்கும். கையில் சொந்தக் காசு வராத அம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வார். கல்யாணம், காரியம் எதற்கும் வரமாட்டார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். வயதின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் மனச்சோர்வு முதுமையின் இயல்பு அல்ல. மருத்துவம் உள்ள நோய்.

ஒன்று மற்றொன்றை இழுக்கும்

பார்வை குறைந்த முதியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. இதன் மறுபக்கத்தை நாம் அதிகம் யோசிப்பதில்லை. மனம் சோர்ந்தவர் சொட்டு மருந்தை ஒழுங்காக விடமாட்டார், சர்க்கரை மாத்திரையை மறப்பார், "இனி பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று மறுபரிசோதனைக்கு வரமாட்டார். கண் அழுத்த நோயில் இழந்த பார்வை திரும்பாது. ஆக, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு மிச்சமிருக்கும் பார்வையையும் கொண்டுபோய்விடும்.

இல்லாத உருவங்கள் தெரிந்தால்

பார்வை பெரிதும் குறைந்த சிலருக்கு, எதிரில் இல்லாத மனிதர்கள், பறவைகள், கோலம் போன்ற வடிவங்கள் தெளிவாகத் தெரியும். இதை 1760இல் சுவிட்சர்லாந்தின் சார்ல் போனே, தன் தாத்தாவின் அனுபவத்தை வைத்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானாகப் படம் காட்டுவதே இது. பேய் பிடித்ததும் அல்ல, புத்தி பேதலித்ததும் அல்ல. பைத்தியம் என்பார்களோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதே இல்லை. அந்தப் பயமே அவர்களை ஒடுக்கிவிடுகிறது. வீட்டுப் பெரியவரிடம் நீங்களே கேளுங்கள். குரலும் கேட்கிறது, குழப்பமும் இருக்கிறது என்றால் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.

கண்ணாடி முதல் பழக்கம் வரை

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு அருகில் உள்ளதைப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்த ஆய்வில், அவர்களின் பறிப்பு கண்ணாடி இல்லாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது (2018). இலை பறிப்பவருக்கே இவ்வளவு என்றால் ஊசி பிடிப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். கண்புரை அறுவையால் பெரும்பாலோருக்குப் பார்வை மீள்கிறது, மனமும் தெளியக்கூடும்.

விழித்திரையின் மையம் தேய்ந்தவர்களுக்கு இழந்த பார்வை அப்படித் திரும்புவதில்லை. அவர்களுக்கும் வழி உண்டு. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பார்வைத் துணைக்கருவிகளோடு, விட்டுப்போன சிறு வேலைகளை மறுபடி செய்யவும் வீடு தேடிச் சென்று பழக்கினார்கள். நான்கு மாதத்தில் மனச்சோர்வு கண்டவர்கள் 12.6 சதவீதம், அந்தப் பழக்கம் இல்லாத குழுவில் 23.4. "நீ சும்மா உட்காரும்மா" என்ற நம் பாசத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

மருந்துகளைச் சொல்லிவிடுங்கள்

அமிட்ரிப்டிலின் போன்ற சில மனநல மாத்திரைகள், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் குறுகலாக உள்ளவர்களுக்குத் திடீரென அழுத்தத்தை ஏற்றலாம். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து சிலருக்கு அசதி தரும். எதையும் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் கண் டாக்டர், மனநல டாக்டர் இருவருக்கும் இரண்டு சீட்டையும் காட்ட வேண்டும்.

எங்கே போவது?

ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த ஷெல் மருத்துவமனைதான் இன்று வேலூர் சி.எம்.சி.யின் கண் மருத்துவமனை. அதே சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சை பெறும் முறைக்குப் பெயர் பெற்றது. அரசு மருத்துவமனைகளிலும் கண் மருத்துவம் உண்டு; மாவட்ட மனநலத் திட்டமும் இயங்குகிறது.

நாற்பது கடந்தவர்கள் கண்ணை ஒழுங்காகச் சோதியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவிலும் தமிழில் பேசலாம்.