வழிவிட வேண்டியவர் யார்?

மலைச் சரிவில் மிதிவண்டி ஓட்டுவதை ஒரு விளையாட்டாக வளர்த்ததில் கலிபோர்னியா இளைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டமல்பாயஸ் மலையை ஒட்டிய ஒரு மண்பாதையில் 1976 அக்டோபரில் அவர்கள் பந்தயம் தொடங்கினார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பழைய, கனத்த வண்டிகள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரம் சேர்வதற்குள் சக்கரக் குடத்திலுள்ள கிரீஸ் எரிந்து புகையும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அப்பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது.

வீரம் சரிதான். ஆனால் அந்த மலையில் ஏற்கெனவே நடப்பவர்கள் இருந்தார்கள், குதிரையில் செல்வோர் இருந்தார்கள், நாயோடு உலவ வருவோரும் இருந்தார்கள். சண்டை மூண்டதில் வியப்பில்லை. அங்கே மலையின் பெரும்பகுதியைப் பராமரிக்கும் குடிநீர் நிர்வாகம் மிதிவண்டிக்கு மணிக்கு 15 மைல் என வேக வரம்பு வைத்திருக்கிறது. பிறரைக் கடக்கும்போதும், மறைவான திருப்பத்திலும் 5 மைல்தான். அதாவது 24 கிலோமீட்டர். பிறகு 8 கிலோமீட்டர்.

இது வெறும் கெடுபிடியா? நாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டையே போட்டுப் பார்ப்போம். சரளை மண்ணில் உராய்வு எண் 0.4 என்றும், பாதை பத்துக்கு ஒன்று சரிவு என்றும் வைத்துக்கொள்வோம். சரிவு நம்மைக் கீழே இழுப்பதால் பிரேக்குக்கு எஞ்சுவது வினாடிக்கு வினாடி சுமார் 3 மீட்டர் எதிர்முடுக்கமே. ஆளைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி. 24 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நிற்பதற்குள் 14 மீட்டர் ஓடிவிடுவார். 40 கிலோமீட்டர் என்றால் 32 மீட்டர். 8 கிலோமீட்டரில் வெறும் 3 மீட்டர்! வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. திருப்பத்திற்கு அப்பால் நிற்கும் கிழவருக்கு இது தெரியுமா?

எங்கள் குடும்பத்தில் சமன்பாடு படித்த முதல் ஆள் நான். இந்தக் கணக்கை அம்மாவிடம் விளக்கினேன். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் ஏரிக்கரையில் நடப்பவர் அவர். "கட்டோட நான் கழுத்தத் திருப்ப முடியுமா? பின்னாடி வர்றவன்தான் பாத்து வரணும். இதுக்கு எதுக்குடா கணக்கு?" என்றார்.

சட்டமும் அதையே சொல்கிறது. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டிக்கு அனுமதி தந்தபோது, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தந்தது. 1988-இல் அமைந்த பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தின் விதியும் அப்படியே. வேகத்தைக் கையில் வைத்திருப்பவரே விட்டுக்கொடுக்க வேண்டும்.

வழிவிடுவது என்றால் மணியை அடித்து ஆளை ஓரத்திற்கு விரட்டுவதன்று. (நம் பேருந்து ஓட்டுநர்கள் சிலர் வேறு விதமாக நினைப்பது தெரிந்ததே.) தொலைவிலேயே மென்மையாகக் குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகு நடை வேகத்தில் கடக்க வேண்டும். பின்னால் இன்னும் இருவர் வருகிறார்கள் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் போனதும் நடுப்பாதைக்குத் திரும்புவதே மனித இயல்பு.

நாய் விஷயம் தனி. ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். நாம் வேகமாகத் தப்ப நினைத்தால் அதற்கு ஆசை கூடும். கயிற்றில் கட்டியிருந்தாலும் நிம்மதியில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 6 அடிக்கு மேல் கயிறு கூடாது. ஆனால் ஒற்றையடிப் பாதையில் அந்த 6 அடியே குறுக்கே கட்டிய கயிறுதான். உரிமையாளர் ஒரு பக்கம், நாய் மறுபக்கம் என்றால் நடுவே புகவே கூடாது. அவர் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்வரை நிற்க வேண்டும். கயிறில்லாத நாய் குரைத்து வந்தால் இறங்கி, வண்டியை நமக்கும் அதற்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டே நடக்கலாம். சக்கரம் சுழலும் வேகம் அடங்கியதும் பெரும்பாலான நாய்களுக்கு நம்மீது அக்கறை போய்விடுகிறது.