கல்விக் கொள்கைக்கு மாநிலங்களின் சம்மதம்: மத்திய அரசு கையாளும் 3 வழிகள் என்னென்ன?

புதிய தேசிய கல்விக் கொள்கைக்கு 2020 ஜூலை 29-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது மாநிலங்கள்தான். அவர்கள் 'சரி' சொல்லாமல் எந்தக் கொள்கையும் வகுப்பறைக்குள் போகாது. அந்த 'சரி'யை எப்படி வாங்குகிறார்கள்?

சம்மதம் ஏன் தேவை?

1976-ல் 42-வது சட்டத்திருத்தம் மூலம் கல்வி, மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது. ஆனாலும் கல்விக் கொள்கை என்பது சட்டம் அல்ல, வழிகாட்டிதான். அதை ஏற்கும்படி மாநிலங்களுக்கு நேரடியாக உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது.

வழி 1: கருத்துக் கேட்பது

2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகள் வரை கருத்துக் கேட்டதாக மத்திய அரசு சொல்கிறது. 'கேட்டீங்க சரி, நாங்க சொன்னதை ஏத்துக்கிட்டீங்களா?' என்பதுதான் எதிர்க்கும் மாநிலங்களின் கேள்வி.

வழி 2: விட்டுக்கொடுப்பது

2019 மே 31-ல் வெளியான வரைவில் இந்தி பற்றிய வரிக்கு தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு. சில நாட்களிலேயே அந்த வரி மாற்றப்பட்டது. எந்த மொழியும் திணிக்கப்படாது என இறுதிக் கொள்கையில் எழுதினார்கள். ஆனால் மும்மொழித் திட்டம் அப்படியே நின்றது. சிக்கலும் தீரவில்லை.

வழி 3: நிதி

14,500 பள்ளிகளை மேம்படுத்தும் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேர, கல்விக் கொள்கையைச் செயல்படுத்துவதாக மாநிலம் ஒப்பந்தம் போட வேண்டும். தமிழ்நாடு போடவில்லை. 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. இந்த இழுபறியில் அடிபட்டது யார்? தனியார் பள்ளிகளில் 25% இலவச இடங்களுக்குக் காத்திருந்த ஏழைக் குழந்தைகள். 2025-26 சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

கையெழுத்து போட்டால் முடிந்ததா?

அதுவும் இல்லை. 2025 அக்டோபரில் கேரளா கையெழுத்து போட்டது. நிதி வேண்டும் என்பதே காரணம் என்று அந்த அரசு வெளிப்படையாகச் சொன்னது. ஆளும் கூட்டணியில் இருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சியே எதிர்க்க, விரைவிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். தமிழ்நாடோ 2025 ஆகஸ்ட் 8-ல் இருமொழியுடன் தனி மாநிலக் கல்விக் கொள்கையையே வெளியிட்டது.

ஆக, நிதியை வைத்து கையெழுத்து வாங்கலாம். ஆனால் கொள்கையில் உடன்பாடு வர, பேச்சுவார்த்தையும் மாற்றத்துக்கு மனசும் வேண்டும். அதுவரை காத்திருப்பது என்னவோ மாணவர்கள்தான்.