வாழைநார் பிரித்தெடுத்தல்

வாழைநார் பிரித்தெடுத்தல் என்பது குலை வெட்டிய வாழையின் பட்டைகளில் இருந்து இழைகளைப் பிரித்து நூலாக்கத்திற்குப் பக்குவப்படுத்தும் கைத்தொழில் ஆகும். ஆளிச் செடியில் இருந்து லினன் துணிக்கான நாரை எடுப்பதற்கு இது இணையானது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், காவிரியின் வடகரையில் உள்ள தொட்டியம் பகுதியில் பூவன், நேந்திரன், ஏலரிசி முதலிய வாழைகள் பெருமளவில் பயிரிடப்படுகின்றன. ஒரு வாழை ஒரு முறையே குலை தள்ளும். ஆகவே மூலப்பொருளுக்குக் குறைவில்லை. குறைந்து வருவது கைப்பழக்கமே.

இரு வகை நார்

பூக்கட்டும் நாரும் நெசவு நாரும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். முன்னது காய்ந்த பட்டையை நனைத்து, நகத்தால் மெல்லியதாகக் கிழித்த கீற்று மட்டுமே. பூவோடு சேர்ந்து மணக்கும் நார் எனப் பழமொழி கூறுவது இதனையே. பல இடங்களில் இன்று பூக்கட்ட நூலே பயன்படுகிறது. நெசவு நாரோ பச்சைப் பட்டையில் இருந்து சதையை முழுவதும் நீக்கிப் பெறும் தனி இழை ஆகும்.

கைமுறை

நாம் வாழையின் அடிமரம் என்பது உண்மையில் ஒன்றையொன்று சுற்றிய இலையடிகளின் தொகுப்பு. வெளிப்பட்டைகளின் நார் முரடானது. உள்ளே செல்லச் செல்ல மென்மை கூடும், வலிமை குறையும். எனவே பட்டைகளைத் தரம் பிரிப்பதே முதல் திறன். பின்னர் பட்டையைப் பலகையில் பரப்பி, மழுங்கிய கத்தியால் சதையை வழிப்பர். அழுத்தம் மிகுந்தால் இழை அறும். குறைந்தால் பசை தங்கி, உலர்ந்தபின் நார் விறைக்கும். குலை வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் இதைச் செய்யாவிடில் நார் நிறம் மங்கும். வழித்த நாரை அலசி, நிழலில் உலர்த்திச் சீவுவர்.

இயந்திரம்

சுழலும் உருளையில் பொருத்திய தகடுகளால் பட்டையைச் சுரண்டும் இயந்திரங்கள் இப்போது உள்ளன. வழிக்கும் உழைப்பை இவை பெரிதும் குறைக்கின்றன. தரம் பிரிப்பது இன்னும் கையையும் கண்ணையும் சார்ந்ததே. திருச்சிராப்பள்ளியில் 1993 இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நார் எடுப்பதிலும் பயிற்சி அளித்துள்ளது. சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரைப் பிற இழைகளுடன் கலந்து சேலை நெய்துள்ளனர்.

ஒக்கினாவா

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் நாருக்கெனவே ஒரு வகை வாழை வளர்க்கப்படுகிறது. அங்கு பட்டைகளை நான்கு தரங்களாகப் பிரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, மூங்கில் கருவியால் வழிக்கின்றனர். இழைகளை நூற்பதில்லை, முனையோடு முனை முடிந்தே நீளமாக்குகின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நலிந்த இக்கலையைக் கிஜோகா என்னும் ஊரில் மீட்டெடுத்தவர் தைரா தோஷிகோ. 1974 இல் ஜப்பானிய அரசு கிஜோகாவின் இந்நெசவை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2000 இல் அவருக்கு 'வாழும் தேசியச் செல்வம்' என்னும் தகுதி வழங்கப்பட்டது. அவர் 2022 இல் காலமானார்.