பாட்டு வந்த பாதை – 9: மேடையில் முதலில் பாடியவர்

கோ. நடேசய்யர் பேச வந்த தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பேச்சுக்கு முன்னால் ஒரு பாட்டு இருக்கும். பாடுகிறவர் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள். சில கூட்டங்களில் அது பாரதியார் பாட்டு, சில கூட்டங்களில் அவரே கட்டிய பாட்டு. கூடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் துரையின் அதட்டலையும் கங்காணியின் ஏச்சையும் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காதுகளுக்கு, சட்டசபை உறுப்பினரான நடேசய்யரின் பேச்சு உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பாட்டு உடனே இறங்கிவிடும். அதைத் தெரிந்துகொண்டு, அந்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர் மீனாட்சி அம்மாள்.

கடந்த வாரம் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை நடந்து வந்த கோப்பிக் காலத்து மனிதர்களின் பாட்டுகளைப் பார்த்தோம். கண்டிச் சீமையைப் பற்றிய அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்கள் யார் என்று எந்தப் பதிவும் இல்லை. காட்டிலே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களோடு அவர்களுடைய பெயர்களும் போய்விட்டன. இந்த வாரம் பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் தெரிந்தும் அவருக்கு நேர்ந்தது என்ன என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். அந்நியர் யாரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரியாக வேடம் போட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்குள் போனவர் என்று அவரைப் பற்றி மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். கொழும்பில் 'தேசநேசன்', பிறகு 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து நகரத் தொழிலாளர்களுக்காக வேலை செய்தார். இருவரும் பிரிந்தபின் தோட்டப்புறமே தன் இடம் என்று முடிவு செய்து, 1931 இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். இவையெல்லாம் ஓரளவு எழுதப்பட்டிருக்கின்றன. சாரல்நாடன் 1988 இல் வெளியிட்ட 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலைப் படித்தவர்களுக்கு இந்த மனிதரின் உயரம் தெரியும். ஆனால் மீனாட்சி அம்மாளை 'நடேசய்யரின் துணைவியார்' என்ற ஒரு சொற்றொடருக்குள் அடக்கிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அவர் 'தேசபக்தன்' பத்திரிகையில் பெண்களின் உரிமைக்காக எழுதியவர். மேடையேறினார், பாட்டுக் கட்டினார், அதைப் பாடினார், புத்தகமாகவும் போட்டார். இத்தனையையும் ஒரே ஆள் செய்தால் அவரைக் கலைஞர் என்றல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

அந்தக் கூட்டங்களில் எதிரே இருந்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொழுந்து எடுப்பவர்கள் பெண்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் வந்தது. அதன்படி மலையின் உயர்ந்த பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். எங்கள் மாத்தளைப் பக்கம் போன்ற நடுத்தர உயரத் தோட்டங்களில் அதிலும் ஒன்றிரண்டு சதம் குறைவு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அந்தக் கூலியையும் வெட்டினார்கள். கூடை நிறையாத பெண்ணுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் அடுப்பு, பிள்ளை, தண்ணீர்க்குடம். அப்படிப்பட்ட பெண் கூட்டத்துக்கு வந்து, மேடையில் இன்னொரு பெண் நிமிர்ந்து நின்று, தங்களுடைய கஷ்டத்தையே பாட்டாகப் பாடுவதைக் கேட்கிறாள். அதுவரை அவளுக்குப் பாட்டு என்றால் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, மலையில் கொழுந்து கிள்ளும்போது பக்கத்து நிரையில் நிற்பவளுக்குக் கேட்கும்படி பாடும் நையாண்டி. கங்காணியைக் குத்திக்காட்டும் அந்த நையாண்டி மலையிலேயே நின்றுவிடும், நகரத்து மேடைக்கு வராது. அதை மேடைக்குக் கொண்டு வந்தவர் மீனாட்சி அம்மாள். மலையகப் பாட்டின் வரலாற்றில் இது பெரிய திருப்பம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கூட்டங்கள் பெரும்பாலும் நகரத்தில்தான் நடந்தன. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியில்லாமல் உள்ளே போனால் அத்துமீறல் குற்றம், வழக்கு. லயத்துக்கு வரும் விருந்தாளிக்கே கேள்வி இருந்தது என்றால், சங்கக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆகவே சங்கம் தோட்ட எல்லைக்கு வெளியே நின்றது. பாட்டுக்கு எல்லைக் கல் கிடையாது. நகரத்தில் கேட்டவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு லயத்துக்குப் போய்விடுவாள். எந்த வாட்சரும் அதைப் பிடித்து வைக்க முடியாது.

இதே காலத்தில், இது போன்ற ஓர் அத்துமீறல் தடையை எதிர்த்து, கடலுக்கு அப்பால் இன்னொரு பாட்டு பிறந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுவது ஒன்றுதான் சுகம். அந்த மலைகளோ பிரபுக்களின் வேட்டை நிலம், காவற்காரர்கள் தடியோடு நிற்பார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் வேண்டுமென்றே கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பத்திரிகைச் செய்தி எழுதிய பதினேழு வயதுப் பையன், அதைப் பற்றி ஒரு பாட்டும் கட்டினான். 'மான்செஸ்டர் ராம்ப்ளர்' என்ற அந்தப் பாட்டை மலையேறுகிறவர்கள் இன்றும் பாடுகிறார்கள். சால்ஃபோர்டில் இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்ட அந்தப் பையனைத்தான் உலகம் பிற்பாடு ஈவன் மக்கோல் என்று அறிந்தது.

ஆங்கில நாட்டார் இசையில் மக்கோலின் இடம் மிகப் பெரியது. 1958 முதல் 1964 வரை சார்ல்ஸ் பார்க்கர், பெகி சீகர் ஆகியோரோடு சேர்ந்து பி.பி.சி. வானொலிக்கு 'ரேடியோ பாலட்ஸ்' என்ற வரிசையைச் செய்தார். ரயில் சாரதி, சுரங்கத் தொழிலாளி, மீனவர் ஆகியோரின் வீட்டுக்கே ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு போய், அவர்கள் பேசியதை அவர்கள் குரலிலேயே ஒலிபரப்பி, அந்தப் பேச்சின் சொற்களை எடுத்தே பாட்டுக் கட்டினார்கள். நோர்ஃபோக் கரையில் வாழ்ந்த சாம் லார்னர் என்ற முதிய மீனவர் சொன்ன வாழ்க்கைக் கதையிலிருந்து பிறந்த ஹெரிங் மீன் பாட்டு, சில வருடங்களுக்குள் அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பாட்டன் காலத்துப் பாட்டு என்று நினைத்துப் பாடும் அளவுக்குப் பரவியது. பாட்டுக் கட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டு ஊர்ச் சொத்தாகிவிட்டபோதும் அதைக் கட்டியவர் யார் என்பது தொலையவில்லை. இசைத்தட்டு இருக்கிறது. ஒலிநாடா இருக்கிறது. மக்கோலும் சீகரும் சேர்த்தவை ஒக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1989 இல் அவர் இறந்த பிறகும் அவர் குரல் கேட்கிறது.

மீனாட்சி அம்மாளின் குரல் எங்கே?

அவருடைய பாட்டுகள் 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் சிறு புத்தகமாக வந்தன. தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை போல இருக்கும், உள்ளே இருப்பவை பாட்டுகள். அந்த வருடத்தின் சூட்டை அறிந்தால்தான் அந்தத் தலைப்பின் கனம் புரியும். 1939 இல் இலங்கை அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியது. அந்த ஜூலையில் நேரு வந்து போனார், இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இந்தியர் வேண்டாம் என்று அமைச்சர்களே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பேச்சுக்கு மறுபேச்சாக வந்தது இந்தப் புத்தகம். உழைத்த மண்ணில் உரிமை கேட்பது குற்றமா என்பதே அதன் குரல். ஒற்றுமையாக நின்றால் மட்டுமே வாழ்வு என்று தொழிலாளரைப் பார்த்துச் சொல்வதும் அதில் உண்டு. மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் அவர் சொற்களை வைத்தார். புதுச் சொல்லும் பழகிய மெட்டும் சேர்ந்தால் ஒருமுறை கேட்டவர் மறுமுறை தானே பாடுவார். மக்கோலும் பல பாட்டுகளில் இதையே செய்தார். எழுத்தறியாத கூட்டத்துக்கு இதைவிட நல்ல அச்சகம் இல்லை.

தோட்ட எல்லைக்கு உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டவரும் ஒருவர் உண்டு, அவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் மாத்தளைக்கு அருகே மடுல்கெலவில் ரெலுகஸ் தோட்டத்தில் சின்னத்துரையாக வேலை பழக வந்தார் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். துரைமாரின் போக்கைப் பொறுக்க முடியாமல் தொழிலாளர் பக்கம் நின்று மேடையில் பேசினார். 1937 இல் ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார், உயர்நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. ஒரு வெள்ளைக்கார இளைஞர் பேசியதற்கே இத்தனை கொந்தளிப்பு என்றால், அதே வருடங்களில் ஒரு தமிழ்ப் பெண் மலையகத்து மேடைகளில் பாடியதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

1947 நவம்பரில் நடேசய்யர் காலமானார். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் அந்தக் கூட்டங்களைச் சிறுவயதில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பாட்டு மனிதரின் நினைவில் வாழ்வது. மனிதரைப் பிய்த்து எறிந்தால் பாட்டும் போகும். மீனாட்சி அம்மாள் மறக்கப்பட்டதற்கு நம் அசட்டை ஒரு காரணம்தான், ஆனால் இந்தப் பிடுங்கல்தான் முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

மாத்தளை மாவட்டத்தில் அந்தப் பிடுங்கல் இன்னும் கூர்மையாக நடந்தது. 1970களின் நிலச்சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின, பஞ்சம் வந்தது. பிறகு 1977, 1983 வன்செயல்கள். பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. மிஞ்சியவர்களிடம் மிஞ்சியதை எழுதிவைக்க ஊரிலேயே ஆட்கள் இருந்தார்கள் என்பது ஆறுதல். மாத்தளை பெ. வடிவேலன் காமன் கூத்தையும் மாரியம்மன் வழிபாட்டையும் பற்றி எழுதியவை இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு இன்று காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் பாட்டைத் தாளில் எழுதினால் மெட்டு போய்விடுகிறது. குரல் வேண்டும்.

2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் வந்து முடிந்தது. முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். வழியெங்கும் கைபேசிகள் படமெடுத்துக்கொண்டே இருந்தன. அந்தக் கைபேசியைத்தான் நான் கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் ஒப்பாரி சொல்லத் தெரிந்த அப்பாயி, அம்மாயி யாராவது இருந்தால், இந்த மாதத்துக்குள் போய் உட்காருங்கள். அவசரப்படுத்தாதீர்கள். முதலில் மறந்துபோச்சு என்பார்கள். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஒரு பாட்டு வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே பதிவு செய்யுங்கள். அவர் சம்மதம் கேட்டு, அவர் பெயரைப் போட்டுப் பாதுகாத்து வையுங்கள். பெயரைப் போடாமல் 'நாட்டார் பாடல்' என்று மட்டும் எழுதினால், கோப்பிக் காலத்தில் நடந்ததை நாமே திரும்பவும் செய்தவர்களாவோம்.

ஒலிப்பதிவுக் கருவி எதுவும் இல்லாமல், காதையும் குறிப்புப் புத்தகத்தையும் மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்தவர் மடக்கும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், தொழிற்சங்கக்காரர். அவர் சேர்த்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலில் கொழுந்து மலைப் பெண்களின் குரல் எப்படி வருகிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)